புழுக்கமற்ற கோடையும் மிதமான குளிர்காலமும்: அமெரிக்காவுக்குள்ளேயே வேறிடம் குடிபெயர ஊர் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டன், அட்லாண்டா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், கோடைப் புழுக்கமோ குளிர்காலப் பனிக்கட்டியோ இரண்டுமோ போதும் என்ற முடிவுக்கு வந்து, நாட்டின் மேற்குப் பகுதிக்கு நகர விரும்பும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இவ்வாறு கிளம்புவோரில் பலர் ஊரை முதலில் மனத்தில் முடிவுசெய்துவிட்டு, அதற்குச் சாதகமான எண்களைப் பிறகு தேடுகிறார்கள். கீழேயுள்ள வரிசை அதைத் தடுப்பதற்காகவே அமைக்கப்பட்டது. எந்த ஊரையும் அதன் மிக மோசமான மாதத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

வெப்பநிலைகள் அனைத்தும் ஃபாரன்ஹீட்டில் தரப்பட்டுள்ளன. அமெரிக்க வானிலைத் தரவுகள் அந்த அலகிலேயே கிடைப்பதால், மாற்றிக் கணக்கிடுவதில் நேரும் பிழைகள் இதனால் குறையும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகள், வேலை மற்றும் விசா தொடர்பான ஆவணங்கள், குடும்பத்தில் ஆஸ்துமா, நீரிழிவு, மூட்டுவலி உள்ளவர்களின் விவரம், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வழக்கமான மாதங்கள் ஆகியவற்றை முதலில் ஒரே இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோர் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தில்தான் வருகிறார்கள். வாகனம் ஓட்டாத அவர்களுக்கு, மாலையில் காலாற நடக்க முடியாத ஊர் நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட ஊராகிவிடும்.

1. வேலையும் விசாவும் அனுமதிக்கும் எல்லையை அறிதல்

வானிலையைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர், தற்போதைய வேலையிடத்தின் பெருநகரப் பகுதிக்கு வெளியே நகர்ந்தால், அவருடைய நிறுவனம் திருத்திய மனுவை அவர் நகர்வதற்கு முன்பே தாக்கல் செய்ய வேண்டும். 2015-இல் வெளியான சிமியோ தீர்ப்புக்குப் பின் இது ஐயத்துக்கு இடமில்லாத விதி. வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கும் இது பொருந்தும், ஏனெனில் அவருடைய வீடே வேலையிடமாகக் கருதப்படுகிறது.

பச்சை அட்டைக்கான முதல் படியான பெர்ம் என்னும் தொழிலாளர் சான்றிதழ் விண்ணப்பமும் குறிப்பிட்ட பணியிடத்தை ஒட்டியே தயாரிக்கப்படுவதால், இடமாற்றம் அந்தப் படியை மீண்டும் தொடங்கச் செய்யக்கூடும். எனவே நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்துமூலமாகப் பதில் பெற்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மாதக்கணக்கில் ஊர்களை ஒப்பிட்டு முடித்த பிறகு இந்தச் சுவரில் மோதிக்கொள்ளும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

2. உங்கள் சகிப்பு வரம்பை எண்ணாக மாற்றுதல்

"மிதமான குளிர்" என்பதற்கு வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் வைத்திருப்பார்கள். ஒருவருக்குப் பனிப்பொழிவு இல்லாமல் இருந்தால் போதும். இன்னொருவருக்குக் காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டும் வேலை இருக்கக்கூடாது. மூன்றாமவருக்கு வெயில் இல்லாத சாம்பல் நிற வானமே தாங்க முடியாதது. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்களுக்கு இட்டுச்செல்பவை.

ஆகவே உங்களுடைய சொந்த ஊரையே அளவுகோலாக்குங்கள். சென்ற ஆண்டில் தாங்க முடியாதிருந்த சில நாள்களையும், "இன்று பரவாயில்லை" என்று தோன்றிய சில நாள்களையும் குடும்பத்தினர் தனித்தனியே நினைவுகூர்ந்து எழுதட்டும். கைபேசியில் உள்ள புகைப்படங்களின் தேதிகள் இதற்கு உதவும். பிறகு அந்தத் தேதிகளின் அதிகபட்ச வெப்பம், இரவுக் குறைந்தபட்ச வெப்பம், பனிநிலை (டியூ பாயின்ட்; விளக்கம் அடுத்த படியில்) ஆகிய மூன்றையும் தேடி அருகில் குறியுங்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் விமான நிலையங்களின் பழைய வானிலைப் பதிவுகளைத் தொகுத்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அங்கே எடுக்கும் எண்களை வைத்து வரைந்த வரம்பு, எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட உங்கள் உடம்புக்குப் பொருத்தமாக இருக்கும்.

3. ஈரப்பத விழுக்காட்டை விட்டுவிட்டுப் பனிநிலையைப் பார்த்தல்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். ஊர்களை ஒப்பிடும் தளங்கள் "சராசரி ஈரப்பதம் 70%" என்று ஓர் எண்ணைத் தருகின்றன. அது ஒப்பு ஈரப்பதம். அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இப்போது இருக்கிறது என்பது மட்டுமே. காற்று குளிர்ந்தால் அதன் கொள்ளளவு சுருங்குவதால், நீராவியின் அளவு மாறாமலேயே விழுக்காடு ஏறிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊரில் கோடைக் காலையில் வெப்பம் 60, பனிநிலை 55 என்றால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 84% இருக்கும். ஹூஸ்டன் போன்ற ஊரில் பிற்பகல் வெப்பம் 90, பனிநிலை 72 என்றால் அது ஏறத்தாழ 56% மட்டுமே. விழுக்காட்டை நம்பியவர் ஹூஸ்டனே உலர்ந்த ஊர் என்று முடிவு செய்வார். ஆனால் அங்குதான் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

டியூ பாயின்ட் என்று வானிலைச் செயலிகள் காட்டும் பனிநிலை, காற்றிலுள்ள நீராவியின் அளவையே நேரடியாகச் சொல்கிறது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தரும் பொதுவான அளவுகோலின்படி, பனிநிலை 55 வரை இருந்தால் காற்று உலர்வாகவும் இதமாகவும் இருக்கும்; 55-க்கும் 65-க்கும் இடையில் மாலை நேரங்களில் கசகசப்பு தொடங்கும்; 65-ஐத் தாண்டினால் புழுக்கம். சென்னைக் கோடையில் இது 75-க்கு மேல் நிற்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண் எதைக் குறிக்கிறது என்பது உடனே விளங்கும்.

நடைமுறையில், நீங்கள் பரிசீலிக்கும் ஒவ்வோர் ஊருக்கும் அண்மைய மூன்று ஆண்டுகளின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை எடுத்து, இரவு 10 மணியின் பனிநிலை 60-ஐத் தாண்டிய நாள்களை எண்ணுங்கள். இரவு 10 மணியைச் சொல்வதற்குக் காரணம், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த நேரத்து எண்ணே விடை தருகிறது.

4. ஆண்டுச் சராசரியைத் தவிர்த்து, மாதவாரியாக, இரவையும் பகலையும் பிரித்துப் படித்தல்

ஆண்டுச் சராசரி எதையும் மறைத்துவிடும். நூறு டிகிரிக் கோடையும் உறையும் குளிர்காலமும் சேர்ந்தால்கூடச் சராசரி இனிமையாகத் தோன்றும். நோவா என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம், 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுத் தரவிலிருந்து மாதவாரியான இயல்பு எண்களை வெளியிட்டிருக்கிறது. அதிலிருந்து ஜனவரி, ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மாதங்களை மட்டும் எடுத்து, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தனித்தனி நெடுவரிசைகளில் எழுதுங்கள்.

கோடையில் இரவுக் குறைந்தபட்சமே முக்கியமானது. உலர்ந்த காற்று சூரியன் மறைந்ததும் வெப்பத்தை விரைவாக இழப்பதால், பகலில் 94 தொட்ட சேக்ரமென்டோ விடிகாலையில் 60-ஐ ஒட்டி இறங்கிவிடும். அங்கே பல வீடுகளில் கூரைக்கடியில் பெரிய விசிறியைப் பொருத்தி, இரவுக் காற்றை இழுத்து வீட்டைக் குளிரவைத்துவிட்டுக் காலையில் ஜன்னல்களை அடைத்துவிடுகிறார்கள். ஃபீனிக்ஸிலும் கோடையின் தொடக்கத்தில் காற்று உலர்ந்ததுதான், ஆனால் கான்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் இரவிலும் 90-க்குக் கீழே இறங்காத நாள்கள் உண்டு. 2023-இல் அங்கே தொடர்ந்து 31 நாள்கள் 110-ஐ எட்டின அல்லது தாண்டின. "உலர்ந்த வெப்பம்தானே" என்ற ஆறுதல் மொழிக்கு ஓர் எல்லை இருக்கிறது.

5. வரைபடத்தைச் சுருக்குதல்

நீராவி எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் நாட்டின் பாதியை ஒரே கோட்டில் நீக்கிவிடலாம். மெக்சிகோ வளைகுடாவின் சூடான நீரிலிருந்து எழும் ஈரக்காற்று, தடுக்க மலைகள் இல்லாததால், கோடையில் கிழக்கு மாநிலங்கள் முழுவதையும் நிரப்புகிறது. 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே, கோடையில் புழுக்கமும் இல்லாமல் குளிர்காலத்தில் உறைவும் இல்லாமல் ஓர் ஊரைத் தேடுவது வீண்வேலை. ஆஸ்டினை உலர்ந்த ஊராக எண்ணி அங்கு செல்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கோடைப் பனிநிலை 70-ஐ ஒட்டியே நிற்கும். டெக்சாஸை விட்டுப் போக முடியாதவருக்கு உண்மையில் உலர்ந்த பெருநகரம், மாநிலத்தின் மேற்கு நுனியில் 3,700 அடி உயரத்தில் உள்ள எல் பாஸோதான்.

எஞ்சும் இடங்களில் முதல் வரிசையில் நிற்பது கலிபோர்னியாக் கடற்கரை. கடலோரமாக இருந்தும் அங்கு புழுக்கம் இல்லாததற்குக் காரணம், வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கடல் நீரோட்டம். குளிர்ந்த நீரின் மேலுள்ள காற்று அதிக நீராவியைச் சுமக்காது. இந்தக் குளிர்ச்சி பாயின்ட் கன்செப்ஷன் முனைக்குத் தெற்கே குறைந்துவிடுவதால், சான் டியேகோவிலும் ஆரஞ்சு கவுன்ட்டியிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பனிநிலை 65-ஐத் தொடும் நாள்கள் வருகின்றன. வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போ முதல் சான் ஹோசே வரை அந்தத் தொல்லை வெகு குறைவு. மே, ஜூன் மாதங்களில் நண்பகல் வரை கலையாத கடல்மேகம் மட்டும் வெயிலை விரும்புவோருக்கு எரிச்சல் தரும்.

அடுத்தது கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. சேக்ரமென்டோவுக்குக் கர்கீனஸ் நீரிணை வழியாக உட்புகும் டெல்டா காற்று என்னும் கடல்காற்று மாலையில் நிவாரணம் தருகிறது. தெற்கே ஃபிரெஸ்னோவுக்கும் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் அது எட்டுவதில்லை. வீட்டு விலையை மட்டும் பார்த்து இவை மூன்றையும் ஒன்றாக எண்ணக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கு முழுவதும் தூலி மூடுபனி இறங்கி, நாள்கணக்கில் வெயிலைத் தடுத்து, நெடுஞ்சாலைப் பயணத்தை ஆபத்தாக்குகிறது.

மூன்றாவது, உயரமான பாலைநிலம். ஏறத்தாழ 5,300 அடியில் உள்ள ஆல்புகர்க்கியின் கோடை, 2,500 அடியை ஒட்டியுள்ள டூசானைவிட நிச்சயமாக இதமானது. ஆனால் அந்த உயரமே குளிர்காலத்தில் தன் விலையைக் கேட்கும்: ஜனவரி இரவுகள் வழக்கமாக 20-களுக்கு இறங்கும், பகலோ பளிச்சென்ற வெயிலோடு இருக்கும். இரண்டாம் படியில் எழுதிய வரம்பு பகலைப் பற்றியதா இரவைப் பற்றியதா என்பது இப்போதுதான் பயன்படும். ரீனோவும் அரிசோனாவின் பிரெஸ்காட்டும் இதே வகையைச் சேர்ந்தவை.

தாழ்ந்த பாலைநிலமான ஃபீனிக்ஸ், டூசான் பக்கத்தில் பருவமழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாலைநிலத்தில் பருவமழையா என்று புருவம் உயர்த்துவோர் பலர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அதிகாரபூர்வமான பருவமழைக் காலம். 2008-க்கு முன்பு, ஃபீனிக்ஸில் தொடர்ந்து மூன்று நாள்கள் சராசரிப் பனிநிலை 55-ஐ எட்டினால்தான் பருவம் தொடங்கியதாக அறிவித்தார்கள். ஜூலை பிற்பாதியிலும் ஆகஸ்டிலும் அங்கே புழுக்கம் உண்டு என்பதற்கு அந்த விதியே சான்று. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலர்கள் ஜூனில் நன்றாக வேலை செய்து ஆகஸ்டில் தோற்றுவிடுவதும் இதனால்தான். அத்தகைய கூலர் மட்டும் உள்ள வீட்டை டூசானில் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

போர்ட்லாந்து, சியாட்டில் ஆகியவற்றின் கோடை மிக உலர்ந்தது, குளிர்காலமும் கடுமையற்றது. ஆயினும் நவம்பர் முதல் மார்ச் வரை மழைத்தூறலும் மங்கலான வானமும் நீடிக்கும். ஏசி இல்லாத பழைய வீடுகள் அங்கே நிறைய. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்து 116-ஐத் தொட்டதற்குப் பின், ஏசி இல்லாத வீட்டை அங்கும் தவிர்ப்பதே நல்லது.

6. ஊருக்குள் எந்தப் பகுதி என்று பார்த்தல்

நகரத்தின் எண் என்று நீங்கள் குறித்தது பெரும்பாலும் விமான நிலையத்தின் எண். நீங்கள் வாழப்போவது அங்கே அல்ல. மேற்குப் பகுதியில் ஒரு மலைத்தொடரைக் கடந்தாலே காலநிலை மாறிவிடும்: ஜூலையின் ஒரே பிற்பகலில் சான் பிரான்சிஸ்கோவின் கடலோரம் 60-இலும், மலைக்கு அப்பால் உள்ள லிவர்மோர் 100-ஐ ஒட்டியும் இருக்கக்கூடும்.

எனவே, பட்டியலில் எஞ்சிய ஒவ்வோர் ஊரிலும் நீங்கள் வீடு பார்க்கும் பகுதிக்கு மிக அருகிலுள்ள தனியார் வானிலை நிலையங்களின் பதிவுகளையும் பாருங்கள். அவற்றில் சில வெயில்படும் சுவரோரம் வைக்கப்பட்டுத் தவறான பகல் வெப்பத்தைக் காட்டும். ஆதலால் ஒன்றை நம்பாமல் நான்கைந்தை ஒப்பிடுங்கள். உயரம் ஆயிரம் அடி கூடினால் பகல் வெப்பம் ஏறத்தாழ 4 முதல் 5 டிகிரி குறையும் என்ற விதியும் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் போதும்.

7. வறட்சி கேட்கும் விலையைக் கணக்கிடுதல்

கோடையில் மழையே இல்லாத இடம் என்றால், கோடையின் முடிவில் புல்லும் புதரும் காய்ந்து கிடக்கும் இடம் என்று பொருள். நீங்கள் விரும்பும் உலர்ந்த காற்றும் காட்டுத்தீயும் ஒரே காலநிலையின் இரு விளைவுகள். ஆகையால் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

கலிபோர்னியாவின் தீயணைப்புத் துறையான கால் ஃபயர், தீ அபாய மண்டலங்களின் வரைபடங்களை முகவரிவாரியாகத் தேடும்படி வெளியிடுகிறது. நகரப் பகுதிகளுக்கான வரைபடங்கள் 2025-இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றைப் பாருங்கள், ஆனால் மண்டலத்துக்கு வெளியே என்றால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2017 அக்டோபரில் சான்ட்டா ரோசாவின் காஃபி பார்க் குடியிருப்பு, உயர் அபாய மண்டலத்தில் சேர்க்கப்படாதிருந்தும், நெடுஞ்சாலையைத் தாண்டிப் பறந்து வந்த தீப்பொறிகளால் எரிந்துபோனது.

தீ நெருங்காவிட்டாலும் புகை வரும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, அதாவது ஜன்னலைத் திறந்து வைக்க ஏற்ற அந்த மாதங்களிலேயே, பல ஆண்டுகளில் ஜன்னலை மூட நேர்கிறது. கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்தும் ஏர்டேட்டா தளத்தில், பிஎம் 2.5 என்னும் நுண்துகளின் பழைய பதிவுகளை ஊர்வாரியாகப் பார்த்து, 2018, 2020 போன்ற மோசமான ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், இந்த எண்ணுக்குப் பனிநிலையைவிட அதிக மதிப்பு கொடுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே மூன்று மாதிரி முகவரிகளுக்கு விலை கேட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், 2023 மே மாதத்தில் புதிய வீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. சந்தையில் யாரும் ஏற்காதவர்களுக்கான கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான். அது முதன்மையாகத் தீயை மட்டுமே ஈடுசெய்வதால், திருட்டு, நீர்க்கசிவு போன்றவற்றுக்கு இன்னொரு காப்பீடும் வாங்க வேண்டிவரும். ஒரே விலையுள்ள இரு வீடுகளின் மாதச் செலவு இந்த ஒன்றால் பெரிதும் வேறுபடலாம்.

உடல்நலத்தில் ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ்–டூசான் பகுதியிலும் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சுற்றியும், உலர்ந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை புழுதியோடு நுரையீரலுக்குள் சென்று வேலி ஃபீவர் என்னும் நோயை உண்டாக்குகிறது. பெரும்பாலோருக்கு அது தானே சரியாகிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பணக் கணக்கு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனெனில் எண்கள் எளிதில் கிடைக்கின்றன. கலிபோர்னியாவின் வருமான வரி படிப்படியாக ஏறி 13.3% வரை செல்லும். அரிசோனாவில் 2023 முதல் எல்லோருக்கும் 2.5%; நெவாடாவில் வருமான வரியே இல்லை. அதே சமயம் கலிபோர்னியாவில் 1978-இன் 13-ஆம் முன்மொழிவு என்னும் சட்டத்தின்படி, சொத்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. டெக்சாஸிலிருந்து வருபவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்கத் தவறுகிறார்கள். மின்சாரத்துக்கு, மாதச் சராசரியைக் கேட்காமல் ஆகஸ்ட் மாத ரசீதைக் கேளுங்கள்.

9. மோசமான மாதத்தில் சென்று தங்கிப் பார்த்தல்

ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் சொர்க்கமே. இறுதியாக எஞ்சிய இரண்டு ஊர்களுக்கும், அவற்றின் மோசமான மாதம் எதுவோ அதில் செல்லுங்கள்: டூசானுக்கு ஆகஸ்ட் முதல் வாரம், சேக்ரமென்டோவுக்கு ஜூலையில் ஒரு முறையும் மூடுபனிக்காக ஜனவரியில் ஒரு முறையும், ஆல்புகர்க்கிக்கு ஜனவரி. விடுமுறைக் காலம் என்பதால் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் சென்று திரும்புவது, கோடையைப் பற்றி எதையும் சொல்லாது.

விடுதியில் தங்காமல், நீங்கள் வாழ நினைக்கும் பகுதியிலுள்ள ஒரு வீட்டில் தங்குங்கள். விடுதியின் மைய ஏசி, ஊரின் வெப்பத்தை உங்களிடமிருந்து மறைத்துவிடும். மாலை 7 மணிக்கு நடந்து பாருங்கள், இரவில் ஜன்னலைத் திறந்து படுத்துப் பாருங்கள், பள்ளி விடும் நேரத்தில் காரில் ஏறிப் பாருங்கள். உலர்ந்த காற்றில் மூக்கில் ரத்தம் கசிவதும் தோல் வெடிப்பதும் சிலருக்கு முதல் வாரத்திலேயே தெரியவரும்; குழந்தைகளிடம் இதைக் கவனியுங்கள்.

10. ஓராண்டு வாடகை, பிறகு வீடு

நகரும்போது செடிகளைப் பற்றி முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவுக்குள் கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஆசியப் பூச்சி அதில் தங்குவதே காரணம். மாநில எல்லையில் வேளாண் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, எனவே வண்டியின் பின்னிருக்கையில் வைத்து ஓட்டிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், முகவரி மாறிய 10 நாள்களுக்குள் ஏஆர்-11 படிவத்தைத் தாக்கல் செய்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

வாடகை ஒப்பந்தத்தை ஜூலையை ஒட்டித் தொடங்குமாறு அமைத்துக்கொண்டால், பள்ளிச் சேர்க்கைக்கும் வசதியாக இருக்கும். கோடையின் உச்சம், புகைக்காலம், மூடுபனி அல்லது உறைபனி ஆகிய மூன்றையும், வீட்டு விற்பனை சூடுபிடிக்கும் வசந்தத்துக்கு முன்பே நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள். அந்த மாதங்களில் மின்கட்டணத்தையும், ஜன்னலைத் திறந்து தூங்கிய இரவுகளையும் குறித்து வந்து, இரண்டாம் படியில் எழுதிய வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஒப்பீடு பொருந்தினால் மட்டும் வீடு தேடுங்கள். விலை பேசும்போது, காப்பீடு கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் விற்பவர் தர வேண்டிய இயற்கை அபாய அறிக்கையில் தீ, வெள்ளம், நிலநடுக்கப் பிளவு ஆகிய மூன்று பகுதிகளையும் படித்து, அந்த முகவரிக்கே உரிய காப்பீட்டு விலை எழுத்தில் கைக்கு வந்த பின்னரே, அந்த விலகும் உரிமையை விட்டுக்கொடுங்கள்.